இரண்டாம் பாகம் ஏன் நகர மாட்டேன் என்கிறது?

நாவல் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

காதலும் மாயமும் கலந்த தொடர் நாவல்களின் இரண்டாம் பாகங்களைப் பற்றிக் கடலூர், புதுச்சேரி வட்டார வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில். நாவல்களின் பெயர்களை எடுத்துவிட்டோம். இன்னும் படிக்காதவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

முதல் பாகத்தை இரண்டே ராத்திரியில் முடித்தேன். கடலைக் காவல் காக்கும் சாபம் பெற்ற இளவரசன், படகு கட்டுகிறவரின் மகள், அருமையான ஜோடி. இரண்டாம் பாகம் 520 பக்கம். 150 பக்கம் தாண்டியும் ஒரே அரண்மனைக்குள் ஜாடையாகப் பார்த்துக்கொள்கிறார்களே தவிர ஒன்றும் நடக்கவில்லை. மேலே படிக்கலாமா, மூடி வைத்துவிடலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம்

மெதுவாகப் போகிற கதை வேறு, நின்றுபோன கதை வேறு. இரண்டுக்கும் ஒரே கொட்டாவிதான் வரும் என்பதால் குழம்பிவிடுகிறோம். எது என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். படித்த பகுதியிலிருந்து மூன்று அத்தியாயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்து வேண்டாம், தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியாகப் படித்தது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டே வரி எழுதுங்கள். அத்தியாயம் தொடங்கும்போது அவளுக்கு அவனைப் பற்றி என்ன தெரியும், எதற்குப் பயப்படுகிறாள் என்பது முதல் வரி. முடியும்போது என்ன என்பது இரண்டாம் வரி. மூன்றில் இரண்டிலாவது வரிகள் மாறியிருந்தால் கதை நடக்கிறது, அதன் நடை உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. இன்னும் ஒரு 50 பக்கம் கொடுத்துப் பார்க்கலாம். மூன்றிலும் ஒரே வரியைப் பார்த்து எழுதின மாதிரி வந்தால் கூசாமல் மூடி வையுங்கள்.

எது மாற்றம் என்பதில் கறாராக இருங்கள். புதுப் பட்டு, மழை, விருந்து, தோழியின் கிண்டல் எல்லாம் மாற்றக் கணக்கில் சேராது. ராத்திரியில் அவன் கடலோரம் போவது எதற்கென்று அவளுக்குத் தெரிந்துபோனால் அது மாற்றம். தெரிந்ததை அவனிடம் சொல்லாமல் மறைத்தால் அது இன்னும் பெரிய மாற்றம், வெளியே ஒரு துரும்புகூட அசையாவிட்டாலும்.

எத்தனை பேர் கண் வழியாகக் கதை போகிறது என்றும் எண்ணிப் பாருங்கள். முதல் பாகத்தில் பெரும்பாலும் நாயகி மட்டும், மிஞ்சினால் நாயகனும் சேர்ந்து இரண்டு பேர். இரண்டாம் பாகத்தில் தளபதிக்கும் சூனியக்காரிக்கும் தனித்தனி அத்தியாயம் முளைத்துவிடும். 520 பக்கத்தில் 48 அத்தியாயம் என்றால் ஒன்று ஏறக்குறைய 11 பக்கம். நான்கு பேர் முறைவைத்துக் கதை சொன்னால் நாயகிக்குக் கிடைப்பது 12 அத்தியாயம்தான். ஜோடி ஒரு காட்சியில் முகம் பார்த்துக்கொண்டால் அதன் தொடர்ச்சிக்கு 33 பக்கம் காத்திருக்க வேண்டும். வாக்கியங்கள் பறந்தும் காதல் ஊர்வதற்குக் காரணம் பல நாவல்களில் இந்தக் கணக்குதான். ஒரே சம்பவம் இரண்டு பேர் வாயால் இரண்டு தடவை வந்தால் இரண்டாவதைத் தாராளமாகப் புரட்டிவிடலாம். எழுதியவர் கண்ணில் படாமல் இருந்தால் சரி.

ஜோடி சேர்ந்த பிறகு சொல்ல என்ன இருக்கிறது? சேர்ந்ததோடு நிறுத்தாமல் இரண்டாம் பாகம் எழுதுவதே தப்பு என்கிறேன்.
– வாசகர், நெய்வேலி

வள்ளுவர் உங்களோடு ஒத்துப்போக மாட்டார். காமத்துப்பாலில் காதலர் கண்டு, குறிப்பறிந்து, கூடுவது வரையிலான களவியல் 7 அதிகாரம், 70 குறள். அதன் பிறகு வரும் கற்பியல் 18 அதிகாரம், 180 குறள். இரண்டாம் பாகம் முதல் பாகத்தைவிட இரண்டரை மடங்குக்கும் அதிகம். அதிலும் பெரும்பகுதி என்ன? அவன் போய்விட்டான், அவள் காத்திருக்கிறாள். இன்றைக்கு இப்படி ஒரு கதைச்சுருக்கம் கொடுத்தால் எந்தப் பதிப்பாளரும் உதட்டைப் பிதுக்குவார்.

அது ஏன் அலுக்கவில்லை என்று பார்த்தால் நீங்கள் கேட்டதற்குப் பதில் கிடைக்கும். காத்திருப்பு ஒன்றுதான், ஆனால் அதிகாரத்துக்கு அதிகாரம் அது வேறொரு இடத்தில் வலிக்கிறது. 118-இல் கண், 119-இல் மேனியில் படரும் பசலை, 122-இல் கனவு, 123-இல் மாலைப்பொழுது. 125-இல் தன் நெஞ்சோடேயே பேச ஆரம்பித்துவிடுகிறாள். சம்பவம் நகராத இடத்தில் வலி நகர்கிறது. அலுப்பூட்டும் இரண்டாம் பாகங்களில் 40-ஆம் பக்கத்து ஏக்கமும் 240-ஆம் பக்கத்து ஏக்கமும் ஒரே சொற்களில், ஒரே சன்னலோரத்தில் நிற்கும்.

சேர்ந்த பிறகு சண்டைக்கு வில்லன் வேண்டும் என்பதும் இல்லை. புலவி நுணுக்கம் என்ற அதிகாரத்தில் ஒரு தும்மல் போதுமானதாக இருக்கிறது. அவன் தும்முகிறான், அவள் வாழ்த்துகிறாள், உடனே யார் நினைத்துத் தும்மினீர் என்று அழுகிறாள். அடுத்த குறளில் அவன் தும்மலை அடக்கிக்கொள்கிறான். யார் நினைப்பதை எனக்கு மறைக்கிறீர் என்று அதற்கும் அழுகை. இரண்டு குறளில் ஒரு முழுக் காட்சி.

அளவும் அவரே சொல்லியிருக்கிறார். ஊடல் உப்புப் போல, சற்று நீடிக்க விட்டாலும் உப்பு மிஞ்சியது போல என்கிறது புலவி அதிகாரத்தின் இரண்டாம் குறள். இப்போதைய இரண்டாம் பாகங்களில் கைமிஞ்சுவது இந்த உப்புதான். ஒரு தடவை உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும் தவறான எண்ணத்தை 200 பக்கம் இழுப்பார்கள். அப்படிப்பட்ட ஊடல் இரண்டு அத்தியாயத்துக்குமேல் தாங்காது. பேசினாலும் தீராத காரணம் இருந்தால் புத்தகம் முழுக்கத் தாங்கும். அவனைத் தொட்டால் அவளுக்கு ஒரு நினைவு அழியும் என்பது மாய உலகத்தின் விதியாக இருக்கட்டும். இருவருக்கும் அது தெரியும், இருவரும் மனம்விட்டுப் பேசியும் ஆயிற்று, ஆனாலும் தொட முடியாது. அங்கே எவ்வளவு மெதுவாகப் போனாலும் வாசகர் எழுந்து போகமாட்டார்.

முதல் முத்தம் 412-ஆம் பக்கத்தில் வருகிறது. இது நியாயமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

411-ஆம் பக்கத்தைப் பொறுத்தது. அதுவரை அவர்களைத் தடுத்தது எது என்று ஒரே வாக்கியத்தில் உங்களால் சொல்ல முடிந்தால் நியாயம். ‘சரியான நேரம் அமையவில்லை’ என்பது அந்த வாக்கியமாக இருந்தால் அநியாயம்.

செயலியில் வாரம் ஓர் அத்தியாயம் எழுதுகிறேன். கதைக்களம் பிச்சாவரம், கழிகளைக் காக்கும் ஒரு யட்சனுக்கும் ஓடக்காரப் பெண்ணுக்கும் காதல். முதல் பாகத்துக்கு நல்ல வரவேற்பு. இரண்டாம் பாகத்தில் 15 அத்தியாயம் ஆவதற்குள் ‘லேக் அடிக்குது அக்கா’ (கதை இழுக்கிறது) என்று கமெண்ட் குவிகிறது. எப்படிச் சரிசெய்வது?
– வாசகி, வில்லியனூர்

முதலில் கணக்கு. அத்தியாயத்துக்கு 1,300 சொல் என்று வைத்துக்கொண்டால் 15 அத்தியாயம் 19,500 சொல். புத்தகமாக அச்சிட்டால் 90 பக்கத்துக்குள், மூன்று மணி நேரத்தில் படித்து முடித்துவிடலாம். உங்கள் வாசகர்களோ அதை மூன்றரை மாதமாகப் படிக்கிறார்கள். எனவே புத்தகத்தில் மெதுவாக நடக்கும் கதை தொடரில் நின்றுவிட்டதாகவே தோன்றும். அதற்காக வேகத்தைக் கூட்ட வேண்டாம். ஒவ்வொரு அத்தியாயத்துக்குள்ளும் ஒரு சிறிய முடிவு வேண்டும்.

நோட்டில் நான்கு கட்டம் போட்டு ஓர் அட்டவணை எழுதுங்கள்: அத்தியாய எண், அதன் கடைசி வரி, யாருக்கு என்ன புதிதாகத் தெரிந்தது, இருவருக்கும் இடையே உள்ள தூரம். கடைசிக் கட்டத்தில் ‘தோணியில் எதிரெதிரே’, ‘துடுப்பை அவன் கையில் கொடுத்தாள்’, ‘ஒரே இலையில் சாப்பிட்டார்கள்’ என்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கட்டும். ‘நெருக்கம் கூடியது’ என்று எழுதினால் உங்களையே ஏமாற்றிக்கொள்கிறீர்கள் என்று பொருள். அடுத்தடுத்து மூன்று வரிசையில் மூன்றாம், நான்காம் கட்டங்கள் மாறவில்லை என்றால் அந்த மூன்றையும் ஒன்றாக்குங்கள். ஏற்கெனவே வெளியிட்டதைத் தொடாதீர்கள், பாதியில் இருப்பவர்கள் தடுமாறுவார்கள். 16-இலிருந்து செய்தால் போதும்.

அடுத்து வாக்கியங்கள். தொடர்களில் சொல் வீணாவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். இதைப் பாருங்கள்: “‘போகாதே’ என்றாள். அவன் போய்விடக் கூடாதே என்று அவள் உள்ளம் துடித்தது.” இரண்டாவது வாக்கியத்துக்கு இங்கே வேலையே இல்லை. உரையாடல் சொன்னதை மனக்குரல் மறுபடி சொல்லும் இடங்களை மட்டும் அடித்துப் பாருங்கள், ஓர் அத்தியாயம் கணிசமாக இளைத்துவிடும். மனக்குரல் உரையாடலுக்கு எதிராகப் பேசினால் வைத்துக்கொள்ளுங்கள். “‘போ’ என்றாள். கட்டிய கயிற்றை அவிழ்க்கவில்லை” என்பதில் இரண்டு வாக்கியமும் உழைக்கின்றன. முன்கதைச் சுருக்கம் 100 சொல்லுக்குமேல் வேண்டாம். அதையும் கனவாகவோ பாட்டி சொல்லும் கதையாகவோ வேடமிட்டு உள்ளே நுழைக்காதீர்கள்.

உங்கள் களத்திலேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது, அதைப் பயன்படுத்துங்கள். கழியில் தண்ணீர் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையே ஏறக்குறைய 6 மணி நேரம். சுரபுன்னை வேர்கள் பின்னிய ஒரு சின்ன வாய்க்காலுக்குள் தோணி நுழைந்துவிட்டது. தண்ணீர் இறங்கினால் சேற்றில் தட்டிவிடும், அடுத்த ஏற்றம் வரை அசையாது. இப்போது இருவரும் மெதுவாக, சுற்றி வளைத்துப் பேசட்டும். வேரில் நீர்மட்டம் விட்டுப்போன ஈரக்கோடு விரல் விரலாக மேலே தெரிய ஆரம்பிப்பதை நடுநடுவே இரண்டு இடத்தில் காட்டினால் போதும், ஒருவரும் ‘லேக்’ என்று சொல்லமாட்டார்கள். அங்கேயே தில்லை மரமும் இருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் கண் எரிந்து பார்வை தற்காலிகமாகப் போய்விடும். பார்க்க முடியாத யட்சனை ஓடக்காரப் பெண் கைபிடித்துக் கூட்டிப் போகவேண்டி வந்தால் தொடுவதற்குக் காரணமும் கிடைத்துவிடும். சண்டைக்காட்சி தேவைப்படாது.

கமெண்டைப் பார்த்து மிரண்டு கடத்தல், விபத்து, இரண்டாவது நாயகி என்று இறக்குவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. மெல்ல நகரும் காதலுக்காக வந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள்; அதிரடி விரும்புகிறவர்கள் 16-ஆம் அத்தியாயத்தில் புதிதாக வந்து சேரமாட்டார்கள்.

புது பாகத்துக்கு முன் பழைய பாகத்தை மறுபடி படிக்க வேண்டுமா?
– வாசகர், பண்ருட்டி

வேண்டாம். கடைசி மூன்று அத்தியாயம், மாயத்தின் விதிகள் முதலில் சொல்லப்படும் அத்தியாயம், இந்த நான்கு போதும். பெயர்கள் மறந்திருந்தால் ஒரு துண்டுத்தாளில் எழுதிப் புத்தகக்குறியாக வைத்துக்கொள்ளுங்கள். முழுதாக மறுபடி படித்தால் வேறொரு தொல்லை: முதல் பாகத்தின் ஓட்டம் உடம்பில் ஏறிவிடும், இரண்டாவதன் முதல் 100 பக்கம் இரட்டிப்பு மந்தமாகத் தோன்றும்.

காதலுக்காகத்தான் தொடரைப் பிடித்தேன். இரண்டாம் பாகத்தில் நாயகி காதலே வேண்டாம் என்று தவம் செய்யப் போகிறாள். ஏமாற்று வேலை இல்லையா?
– வாசகி, சிதம்பரம்

தமிழின் மிகப் பழைய இரண்டாம் பாகம் செய்ததும் இதைத்தான். சிலப்பதிகாரத்தைத் தொடர்ந்து மணிமேகலைக்கு வருகிறவர் மாதவி மகளின் காதலை எதிர்பார்ப்பார். சோழ இளவரசன் உதயகுமரன் துரத்தித் துரத்தி வருகிறான். அவளோ துறவின் பக்கம். மாயத்துக்கும் குறைவில்லை: தெய்வம் உறக்கத்திலேயே அவளை மணிபல்லவத் தீவுக்கு எடுத்துப்போகிறது, வேற்றுருவம் எடுக்கும் மந்திரம் தருகிறது, அமுதசுரபி கிடைக்கிறது. போன பிறவியில் அவன்தான் தன் கணவன் என்றும் அவளுக்குத் தெரியவருகிறது. ஆக, மனம் அவன் பின்னால் போகத்தான் செய்கிறது, போகவிடாமல் அவளே பிடித்துக்கொள்கிறாள். காதலை எடுத்துவிட்ட கதை என்று இதைச் சொல்ல முடியாது.

ஏமாற்றா, இல்லையா என்பது எப்போது சொல்கிறார்கள் என்பதில் இருக்கிறது. மணிமேகலையில் மகளைத் தவநெறிக்கே விடுவேன் என்று 2-ஆம் காதையிலேயே (அத்தியாயத்திலேயே) மாதவி சொல்லிவிடுகிறாள். உங்கள் நாவல் முதல் 30, 40 பக்கத்துக்குள் சொல்லியிருந்தால் குறை சொல்ல முடியாது. 350-ஆம் பக்கம் வரை ஆசை காட்டிவிட்டுச் சொன்னால் உங்கள் கோபம் சரி. இன்னொரு விஷயத்தில் மணிமேகலையைப் பின்பற்றவும் வேண்டாம். உதயகுமரன் 20-ஆம் காதையில் வெட்டுண்டு போகிறான், மொத்தம் 30 காதை. சமயவாதிகளின் வாதங்கள் வரும் 27-ஆம் காதையில் கதைக்காக வந்தவர்கள் திணறுவது இன்றைக்கும் உண்டு.

பக்கத்தை நீட்டினால் எழுதுகிறவருக்குக் காசு அதிகமாமே?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பாதி உண்மை. கிண்டில் அன்லிமிடெட் சந்தாவில் 2015 ஜூலை முதல், வாசகர் படித்த பக்கங்களின் எண்ணிக்கைப்படி எழுத்தாளருக்குப் பணம் போகிறது. நீட்டும் ஆசை அங்கே வரலாம். ஆனால் படிக்காமல் விட்ட பக்கத்துக்குக் காசு இல்லை. 520 பக்க நாவலை 150-இல் நீங்கள் மூடிவிட்டால் மீதி 370-க்கு அவருக்கு ஒன்றும் வராது. அச்சுப் புத்தகத்தில் நிலைமை தலைகீழ். 16 பக்கம் ஒரு ஃபாரம். ஒவ்வொரு ஃபாரமும் காகிதம், அச்சு, தையல் என்று செலவை ஏற்றும். பதிப்பாளர் குறைக்கத்தான் சொல்வார்.

தமிழில் காதல் ஃபேன்டசியே கிடையாது, எல்லாம் ஆங்கிலத்திலிருந்து வந்தது என்கிறான் என் மகன். அப்படியா?
– வாசகி, முத்தியால்பேட்டை

உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. பாரதியார் புதுச்சேரியில் இருந்தபோது எழுதிய குயில் பாட்டு, ஊருக்கு மேற்கே உள்ள மாஞ்சோலையில்தான் நடக்கிறது. பேசும் குயில், மறுபிறவி, பேய்கள் செய்யும் மாயம் எல்லாம் உண்டு. மெல்லக் காக்க வைக்கும் வித்தையும் உண்டு: காதலைச் சொன்ன குயில் நாலாம் நாள் வா என்கிறது. பொறுக்க மாட்டாமல் இடையில் போகிறவன், அது ஒருநாள் குரங்கிடமும் மறுநாள் மாட்டிடமும் காதல் பேசுவதைப் பார்த்து எரிகிறான். காத்திருக்கச் சொல்லிவிட்டு, காத்திருக்கும் நாளையும் காலியாக விடவில்லை. மகனிடம் கொடுங்கள், ஒரே மூச்சில் முடிகிற நீளம்தான்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் 12 பேர். இரண்டாம் பாகத்தைப் பேச உட்கார்ந்தால் முடித்தவர்களுக்கும் பாதியில் விட்டவர்களுக்கும் தகராறு வந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், கடலூர் முதுநகர்

புத்தகத்தை மூன்றாக வெட்டி மூன்று கூட்டம் வையுங்கள். 520 பக்கம் என்றால் 175, 350, கடைசி. அத்தியாய முடிவுக்குத் தக்கபடி முன்பின் நகர்த்தலாம். அறிவித்த பக்கத்தைத் தாண்டி ஒருவரும் பேசக்கூடாது, ‘பின்னாடி பாருங்க, புரியும்’ என்பதும் தாண்டியதில்தான் சேர்த்தி. விட்டுவிட்டவர்களை முதலில் பேச விடுங்கள், எந்தப் பக்கத்தில் விட்டார்கள் என்பதோடு. ஒரே இடத்தைச் சுற்றி நான்கைந்து பேர் விட்டிருந்தால் அந்த அத்தியாயத்தின் கடைசி இரண்டு பக்கத்தை யாராவது உரக்கப் படியுங்கள். கண்ணால் படித்தபோது நகராததெல்லாம் காதில் கேட்கும்போது நகர்ந்துவிடுவதுண்டு. கேட்டும் நகரவில்லை என்றால் தகராறு அங்கேயே தீர்ந்தது. ஆளுக்கு மூன்று நிமிடம், ஒரு சுற்று முடிய 36 நிமிடம். அதன் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம்.

ரொம்ப ஸ்லோ என்று ஒரு நட்சத்திரம் போட்டேன். எழுத்தாளரின் ரசிகர்கள் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். விமர்சனம் எப்படித்தான் எழுதுவது?
– வாசகி, அரியாங்குப்பம்

நட்சத்திரம் உங்கள் உரிமை, அதற்கு விளக்கம் கேட்க யாருக்கும் பாத்தியதை இல்லை. ஆனால் ‘ஸ்லோ’ என்ற ஒரு சொல்லால் யாருக்கும் பயன் இல்லை. சிலருக்கு அதுவே வாங்கத் தூண்டும். நான்கு செய்தி போதும்: எந்தப் பக்கத்தில் தொய்ந்தது, எது தொய்ந்தது (காதலா, போரா, மாய விதிகளின் பாடமா), எத்தனை பேர் பார்வையில் கதை போகிறது, முடித்தீர்களா இல்லையா. முடிக்கவில்லை என்றால் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். ‘120 முதல் 210 வரை அரசவைக் காட்சிகள், ஜோடி ஒரே ஒரு தடவை சந்திக்கிறது, நான் 230-இல் நிறுத்தினேன்’ என்று எழுதிப் பாருங்கள். ரசிகர்களுக்குத் திட்ட இடம் கிடைக்காது, வாங்கலாமா என்று யோசிப்பவர் நேரே 120-ஐப் புரட்டிப் பார்த்துக்கொள்வார்.